பிசினஸ் கம்யூனிகேஷன் வகுப்புக்கு கேஸ் ஸ்டடி: எவ்வளவு நீளம், எப்படிப் பிரிப்பது, எப்படி மதிப்பெண் போடுவது?

#1 நூல்கண்டு

பி.காம். இரண்டாமாண்டு, பிசினஸ் கம்யூனிகேஷன் தாள். 60 பேர். 50 நிமிடப் பீரியட், ஒரு கேஸுக்கு இரண்டு பீரியட் ஒதுக்கலாம். பாதிப் பேர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். எம்.பி.ஏ.வில் ஓடும் கேஸ்கள் பதினைந்து இருபது பக்கம், பின்னால் நாலு அட்டவணை. படித்து முடிக்கவே பீரியட் போய்விடும். அதனால் திருப்பூரை வைத்துச் சொந்தமாக ஒன்று எழுதிப் பார்த்திருக்கிறேன். கற்பனை நிறுவனம், கற்பனை எண்கள். குறை சொல்லுங்கள்.

ஹாம்பர்க் பையருக்கு 12,000 ஆண்கள் டி-ஷர்ட். வெள்ளை, சாம்பல், நேவி, நிறத்துக்கு 4,000. பீஸ் 3.40 டாலர், எஃப்.ஓ.பி. தூத்துக்குடி (தூத்துக்குடியில் கப்பலில் ஏற்றிக் கொடுப்பது வரை விற்பவர் பொறுப்பு). எல்.சி.யில் (லெட்டர் ஆஃப் கிரெடிட், சரியான ஆவணம் கொடுத்தால் பணம் தருவதாகப் பையரின் வங்கி தரும் உறுதி) கடைசி ஷிப்மெண்ட் தேதி மார்ச் 14. இன்று மார்ச் 3. வெள்ளையும் சாம்பலும் பேக்கிங்கில். நேவி துணி ஈரத் தேய்ப்புச் சோதனையில் (ஈரத்துணியால் தேய்த்தால் சாயம் எவ்வளவு ஒட்டுகிறது என்று பார்ப்பது) 2 வாங்கியிருக்கிறது, பையர் கேட்டது குறைந்தது 3. மறுபடி சாயப்பட்டறைக்குப் போய் வர 6 நாள், கட்டிங் முதல் பேக்கிங் வரை 7 நாள். அடுத்த கப்பல் மார்ச் 20. எல்.சி.யில் பகுதி ஷிப்மெண்ட் பற்றி ஒன்றும் இல்லை, அதனால் பிரித்து அனுப்ப முடியாது. மொத்தத்தையும் 5% குறைத்து அனுப்பலாம், அல்லது நேவியை விமானத்தில் அனுப்பலாம். விமானச் சரக்குக் கட்டணம் கிலோவுக்கு 260 ரூபாய், பேக்கிங்கோடு ஒரு பீஸ் 200 கிராம்.

கேள்விகள்: 1. மெர்ச்சண்டைசர் (பையரோடு பேசி ஆர்டரை நடத்துகிறவர்) என்ன செய்ய வேண்டும்? 2. இந்தச் சிக்கல் வராமல் தடுத்திருக்க முடியுமா? 3. நீங்கள் அவர் இடத்தில் இருந்தால்?


#2 வெண்பலகை

மேடம், களம் அருமை. கேள்விகள்தான் சரியில்லை. மூன்றும் நிர்வாகக் கேள்விகள். "என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டால் பத்து நிமிடத்தில் "விமானத்தில் அனுப்பலாம்" என்று ஒருவன் சொல்வான், மற்றவர்கள் தலையாட்டுவார்கள், பாடம் முடிந்துவிடும். அவன் ஒரே ஒரு வாக்கியம் ஆங்கிலத்தில் பேசியிருப்பான்.

மொழி வகுப்புக்கான கேஸைப் பின்னாலிருந்து எழுதவேண்டும். கடைசியில் மாணவர் கையிலிருந்து எந்தத் தாள் வரப்போகிறது? அதை முதலில் முடிவு செய்யுங்கள். இங்கே அது பையருக்குப் போகும் மெயில், 120 முதல் 140 சொல். (கேம்பிரிட்ஜ் பி2 பிசினஸ் வான்டேஜ் எழுத்துத் தேர்வின் இரண்டாம் பகுதியும் அதே அளவுதான்; உங்கள் கல்லூரியில் பி.இ.சி. என்ற இந்தக் கேம்பிரிட்ஜ் பிசினஸ் ஆங்கிலத் தேர்வை எழுதுகிறவர்களுக்கு அதுவும் பயிற்சி ஆகிவிடும்.) மெயில் எழுத என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பட்டியல் போடுங்கள். அந்தத் தகவல்களை நான்காகப் பிரியுங்கள். நாலு பேரும் ஒருவரை ஒருவர் கேட்காமல் மெயிலை எழுதவே முடியாது என்ற நிலை வரவேண்டும்.

பிரிப்பது இப்படி இருக்கலாம். மெர்ச்சண்டைசர் தாளில் ஆர்டர் விவரம், பையரின் கடைசி இரண்டு மெயில். புரொடக்‌ஷன் மேனேஜர் தாளில் சோதனை முடிவு, 6 + 7 நாள் கணக்கு. டாக்குமெண்டேஷன் தாளில் எல்.சி.யின் முக்கிய வரிகள், கப்பல் தேதி, விமானக் கட்டணம். நான்காவது ஆள் பையிங் ஹவுஸ் (பையர் சார்பில் இங்கே ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனம்) பிரதிநிதி. அவர் தாளில் மட்டும் ஒரு ரகசியம்: ஏப்ரல் 22 தொடங்கும் விற்பனைக்கு 20-ஆம் தேதிக்குள் நேவி 1,500 பீஸ் கடைக்கு வந்தால் போதும், மீதி 2,500 இரண்டு வாரம் பொறுக்கும். அடியில் ஒரு குறிப்பு: "கேட்டால் மட்டும் சொல்லவும்."

கப்பலுக்கு 30 நாள் என்று வையுங்கள். மார்ச் 20 கப்பல் ஏப்ரல் 19 துறைமுகம் சேரும், கஸ்டம்ஸ் முடிந்து கடைக்கு வரும்போது விற்பனை தொடங்கியிருக்கும். 4,000 பீஸும் விமானத்தில் போனால் 800 கிலோ, 2,08,000 ரூபாய். 1,500 மட்டும் போனால் 300 கிலோ, 78,000. "உங்களுக்கு எத்தனை பீஸ் எந்தத் தேதிக்கு அவசியம்?" என்ற ஒரே கேள்விக்கு 1,30,000 ரூபாய் மதிப்பு. கேள்வி கேட்கும் இலக்கணத்தை இதைவிடச் சுலபமாக மனதில் பதியவைக்க முடியாது.

கேஸின் மொத்த நீளம் 500 சொல் தாண்டக்கூடாது. ஒவ்வொரு தாளும் அரைப்பக்கம். முன்கூட்டிச் சொல்லிக்கொடுக்கும் கலைச்சொல் எட்டு, மிஞ்சினால் பத்து.


#3 கப்பல்காரி

எல்.சி. பகுதி தப்புங்க. அப்படியே வகுப்புக்குப் போனால் நாளைக்கு வேலைக்கு வர்ற பிள்ளைங்க அதையே நம்பிட்டு வருவாங்க.

முதலாவது, எல்.சி.யில் பகுதி ஷிப்மெண்ட் பற்றி ஒன்றும் இல்லை என்றால் அனுமதி உண்டு என்றுதான் அர்த்தம். எல்.சி.க்கான சர்வதேச விதித்தொகுப்பு யூ.சி.பி. 600, 31-ஆம் பிரிவு. தடுக்கணும்னா எல்.சி.யில் 43பி புலத்தில் (புலம்னா எல்.சி. படிவத்தில் எண் போட்ட கட்டம்) "நாட் அலவ்டு" என்று எழுதியிருக்கணும். நீங்க கேஸை இறுக்கமாக்க விரும்பினா அந்தப் புலத்தைத் தாளில் சேர்த்துடுங்க. இல்லைனா அதை அப்படியே காலியா விட்டுட்டு, எந்தக் குழு "பிரிச்சு அனுப்பலாம்" என்று கண்டுபிடிக்குதுன்னு பாருங்க.

இரண்டாவது, 5% குறைத்து அனுப்புவது. 30-ஆம் பிரிவில் அந்தச் சலுகை இருக்கு, ஆனா அளவு பீஸ் கணக்கிலோ கார்ட்டன் கணக்கிலோ சொல்லியிருந்தா பொருந்தாது. கிலோ, மீட்டர் என்றால்தான். டி-ஷர்ட் 12,000 பீஸ், அதனால் 11,400 அனுப்ப முடியாது. அளவுக்கு முன்னால் "அபௌட்" அல்லது "அப்ராக்ஸிமேட்லி" இருந்தா 10% கூடவோ குறையவோ போகலாம். இல்லாத பட்சத்தில் அந்த வழியை எடுத்துடுங்க.

மூன்றாவது, விமானம். எல்.சி. கேட்கும் ஆவணப் பட்டியலில் கடல் பில் ஆஃப் லேடிங் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ஆவணம்) இருக்கும். அதுக்குப் பதிலா விமானச் சரக்கு ஆவணமான ஏர்வே பில்லை வைத்தால் வங்கி முரண்பாடு என்று ஒதுக்கும். திருத்தம் வாங்காமல் விமானத்தில் அனுப்பினால் சரக்கு போய்ச் சேரும், பணம் வருமான்னு தெரியாது. தவிர எஃப்.ஓ.பி. என்பது கடல், உள்நாட்டு நீர்வழிக்கு மட்டுமான விதி, விமானத்துக்கு எஃப்.சி.ஏ. (சரக்கைக் கொண்டுபோகிறவரிடம் ஒப்படைப்பது வரை விற்பவர் பொறுப்பு) என்று எழுதணும். இந்தச் சொற்களை வரையறுக்கும் சர்வதேச விதிகளான இன்கோடெர்ம்ஸ் 2020-இலும் அப்படித்தான்.

நான்காவது, எஃப்.ஓ.பி.யில் கப்பல் கட்டணம் பையர் தலையில். விமானத்துக்கு மாறினால் முழுக் கட்டணத்தையும் தொழிற்சாலை ஏற்கணும்னு இல்லை. வித்தியாசத்தை மட்டும் ஏற்கிறோம் என்று பேசலாம். பேரத்துக்கு அழகான இடம், விட்டுடாதீங்க.

மொத்தத்தில் உங்க கேஸில் மெயிலின் உண்மையான வேலை வேற. மன்னிப்பு கேட்பது இல்லை. பையர் அவரோட வங்கிக்குப் போய் எல்.சி. திருத்தம் போட வைக்கணும். 44சி புலத்தில் கடைசி ஷிப்மெண்ட் தேதியை மார்ச் 22-க்குத் தள்ளணும், ஆவணப் பட்டியல் இருக்கும் 46ஏ-வில் 1,500 பீஸுக்கு ஏர்வே பில் ஏற்கப்படும்னு சேர்க்கணும், 31டி காலாவதி தேதி இடம் கொடுக்குதான்னும் பார்க்கணும். ஷிப்மெண்ட் ஆன 21 நாளுக்குள், காலாவதிக்கு முன்னால் ஆவணம் வங்கிக்குப் போகணும். இதெல்லாம் மெயிலில் தெளிவா இல்லைனா பையர் "நோட்டட், தேங்க்ஸ்" என்று பதில் போட்டுட்டுப் போயிடுவார், வங்கியில் ஒன்றும் நடக்காது.


#4 நூல்கண்டு

@கப்பல்காரி ரொம்ப நன்றி. 43பி காலியாகவே இருக்கட்டும், கண்டுபிடிக்கட்டும். 5% வழியை எடுத்துவிட்டேன்.


#5 பழைய பெஞ்ச்

மேலாண்மைப் பக்கத்திலிருந்து ஒரு மறுப்பு. நீளமான கேஸை இங்கே எல்லோரும் சுலபமாகத் தள்ளிவிட்டீர்கள். ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் 1908-இல் தொடங்கியது. 1919-இல் டீன் ஆன வாலஸ் டோனம் அடிப்படையில் வழக்கறிஞர். ஹார்வர்டு சட்டப்பள்ளியில் லாங்டெல் 1870-இல் கொண்டுவந்த வழக்குவழிப் பாடத்தில் படித்தவர். தீர்ப்பைப் படித்து விதியைத் தானே கண்டெடு என்ற அந்தப் பழக்கத்தைத்தான் வணிகத்துக்குக் கொண்டுவந்தார். 1961-இல் தொடங்கிய அகமதாபாத் ஐ.ஐ.எம். ஹார்வர்டுடன் கைகோத்து அதை இந்தியாவுக்கு எடுத்துவந்தது. இந்த மரபில் கேஸ் வேண்டுமென்றே கலைந்து கிடக்கும். தேவையில்லாத தகவல் கலந்திருக்கும். எது முக்கியம் என்று பிரித்தெடுப்பதே பயிற்சி. அரைப்பக்கத் தாளில் தேவையானது மட்டும் கொடுத்தால் மாணவனுக்கு அந்தத் திறமை எப்போது வரும்?

மேலும், வேலையில் வரும் மெயில் சங்கிலி பதினைந்து பக்கத்துக்குக் குறைவாக எப்போது இருந்திருக்கிறது?


#6 வெண்பலகை

@பழைய பெஞ்ச் சார், நியாயமான கேள்வி. ஆனால் அந்த மரபில் மாணவர் முதல் நாள் இரவே கேஸைப் படித்துவிட்டு வருகிறார், மொழி அவருக்குத் தடையில்லை. இங்கே மொழிதான் பாடம். இரண்டு சுமையையும் ஒரே தோளில் ஏற்றினால் முதலில் விழுவது மொழி.

கலைந்த தகவல் வேண்டுமென்றால் அளவாகச் சேர்க்கலாம். ஒவ்வொரு தாளிலும் தேவையற்ற வரி இரண்டு. மெர்ச்சண்டைசர் தாளில் கழுத்து லேபிள் பற்றி ஒரு பழைய சச்சரவு, புரொடக்‌ஷன் தாளில் அடுத்த ஆர்டரின் அளவு. அதைத் தூக்கி மெயிலில் போட்டால் மதிப்பெண் குறையும். மூன்றாம் நான்காம் கேஸில் அந்த வரிகளை ஐந்தாக்குங்கள். ஆறாவது கேஸுக்கு நீங்கள் சொல்லும் மெயில் சங்கிலியையே கொடுக்கலாம், பதில் எழுத மூன்று வரிதான் இடம் என்ற நிபந்தனையோடு.


#7 நூல்கண்டு

60 பேரை எப்படி ஓட்டுவது? நாலு நாலாகப் பிரித்தால் 15 குழு. ஸ்க்ரூ அடித்த பெஞ்ச். சத்தம் வேறு. அப்புறம், தமிழில் பேசிக்கொண்டே இருந்தால்?


#8 வெண்பலகை

பெஞ்ச் பிரச்சினை இல்லை. முன்வரிசை இருவர் பின்னால் திரும்பினால் நாலு பேர் ஆயிற்று. சத்தத்தை விடுங்கள், 15 குழு பேசினால் சத்தம் வரத்தான் செய்யும்.

முதல் பீரியட். 0–8 நிமிடம்: அவரவர் தாளை மட்டும் மௌனமாகப் படிப்பது. 8–16: ஒரே பாத்திரக்காரர்கள் பக்கத்தில் கிடைப்பவரோடு சேர்ந்து எண்களைச் சரிபார்ப்பது. இங்கே தமிழ் தாராளமாக. தாளைத் தப்பாகப் புரிந்துகொண்டவன் ஆங்கிலத்தில் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் பயனில்லை. 16–36: நால்வர் கூட்டம், ஆங்கிலத்தில். 36-ஆவது நிமிடத்தில் கரும்பலகையில் ஒரு புதுச் செய்தி எழுதுங்கள்: "சாயப்பட்டறை போன்: ஒரு நாள் கூடும்." கணக்கு மாறும், திரும்பப் பேசவேண்டும். மனப்பாடம் செய்துகொண்டு வந்த வாக்கியம் அங்கேதான் உடையும். 44–50: ஒவ்வொரு குழுவும் முடிவை ஒரு வரியில் எழுதி ஒப்படைப்பது.

இரண்டாவது பீரியட். 20 நிமிடம், கையால் மெயில் எழுதுவது, தனித்தனியாக. அடுத்த 10 நிமிடம்தான் என் கணக்கில் மொத்தப் பாடத்திலும் முக்கியமானது: தாளை வேறு குழுவோடு மாற்றிக்கொள்ள வேண்டும். வாங்கியவர் பையராக ஒருமுறை படித்துவிட்டு, தாளைக் கவிழ்த்து வைத்து, மூன்று கேள்விக்குப் பதில் எழுதவேண்டும். எத்தனை பீஸ் எப்போது வரும்? நான் என்ன செய்யவேண்டும்? எப்போதைக்குள்? ஒன்றுக்குப் பதில் தெரியாவிட்டாலும் மெயில் தோற்றது. "இங்கிலீஷ் நல்லா இருக்கு சார்" என்ற சமாதானம் எடுபடாது. பிறகு 12 நிமிடம் உங்கள் விமர்சனம், கடைசி 8 நிமிடம் முதல் மூன்று வரியை மட்டும் திருப்பி எழுதுவது. முழு மெயிலையும் திருப்பி எழுதச் சொன்னால் பழையதையே அழகான கையெழுத்தில் எழுதித் தருவார்கள்.

15 குழுவையும் கேட்க முடியாது. 20 நிமிடத்தில் நாலு குழு, குழுவுக்கு நாலு நிமிடம் நின்று கேளுங்கள். அடுத்த கேஸில் வேறு நாலு. நாலு கேஸில் எல்லோரும் வந்துவிடுவார்கள். கேட்கும்போது திருத்த வேண்டாம். திருத்தினால் அந்தக் குழு உங்களைப் பார்த்தே பேசத் தொடங்கிவிடும். மூன்று பத்தி போட்ட தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: சொன்னது, இப்படிச் சொல்லியிருக்கலாம், பாராட்டத்தக்கது. கரும்பலகையில் பெயரில்லாமல் ஆறு வாக்கியம் போதும்.

வழக்கமாக எங்கே கெடுகிறது என்றால், நாலு தாளையும் ஒரே பி.டி.எஃப்.பாக வகுப்பு வாட்ஸாப் குழுவில் போட்டுவிடுவது. எல்லோருக்கும் எல்லாம் தெரிந்தபின் பேசுவதற்கு என்ன இருக்கிறது? நகல் எடுத்து, அந்தந்தத் தாளை அந்தந்தக் கையில் கொடுங்கள். ஒருவர் தாளை மற்றவர் எட்டிப் பார்ப்பதும் அதே கேடு.

நன்றாகப் பேசுகிறவருக்கு மெர்ச்சண்டைசர் வேடம் தராதீர்கள். எப்படியும் பேசுவார். அவரை டாக்குமெண்டேஷனில் போடுங்கள். தயங்குகிறவருக்குப் பையிங் ஹவுஸ். ரகசியம் அவரிடம் இருப்பதால் மற்ற மூவரும் அவரைச் சுற்றித்தான் வரவேண்டும். அவர் தாளில் மட்டும் நாலு தொடக்க வாக்கியம் அச்சடித்துக் கொடுத்தால் போதும்.


#9 மருதாணிப்பூ

தமிழ் பற்றி ஒன்று. இந்தத் தொழிலில் சாயப்பட்டறையோடு பேச்சு தமிழில், ஹாம்பர்க்குக்கு மெயில் ஆங்கிலத்தில். ஒரே ஆள், ஒரே மணி நேரத்துக்குள். வகுப்பில் மட்டும் ஏன் முழு ஆங்கிலம்? ஐரோப்பிய கவுன்சிலின் மொழித்திறன் சட்டகத்துக்கு 2020-இல் வந்த துணைத் தொகுதியில் இப்படி ஒரு மொழியில் கேட்டதை இன்னொரு மொழியில் எடுத்துச் சொல்வதைத் தனித் திறனாகவே விரிவாக வகுத்திருக்கிறார்கள்.

செய்யவேண்டியது இதுதான். புரொடக்‌ஷன் மேனேஜருக்குத் தாளே வேண்டாம். சாயப்பட்டறைக்காரர் பேசுவதுபோல ஒரு நிமிடத் தமிழ் ஒலிப்பதிவு போனில் எடுத்துப் போடுங்கள். "நேவி லாட் திரும்ப ஓட்டணும், பாய்லர் ரெண்டு நாளா மக்கர், நாளைக்குப் போட்டா ஒன்பதாம் தேதி சாயந்தரம் வண்டி ஏத்திருவோம், கரண்ட் இருந்தா." இதில் எது பையருக்குப் போகவேண்டும், எது போகக்கூடாது? பாய்லரும் கரண்டும் போகவேண்டியதில்லை. "ஒன்பதாம் தேதி சாயந்தரம்" தேதியாகப் போகவேண்டும். "இருந்தா" என்பதை எப்படிச் சொல்வது என்பதில்தான் மாணவர் திணறுவார். உறுதியாகச் சொன்னால் பொய், அப்படியே சொன்னால் பையர் பயந்துவிடுவார். ஒரு நாள் கூட்டித் தேதி கொடுப்பதுதான் வழி என்று தானே கண்டுபிடிக்க விடுங்கள்.

தமிழ் மீடியம் மாணவர் இந்த இடத்தில் மற்றவரைவிட முன்னால் நிற்பார். அது வகுப்பில் நல்ல விளைவு.


#10 நிறுத்தற்குறி

மதிப்பெண் பற்றி யாரும் பேசவில்லை. 20-க்கு என்றால் இப்படிப் பிரிக்கலாம்: தகவல் 8, வரிசை 4, தொனி 4, மொழிப்பிழை 4. இலக்கணத்துக்கு 10 ஒதுக்கினால் மாணவர் ஆபத்தில்லாத சின்ன வாக்கியமாக எழுதிவிட்டுப் போவார், எல்.சி. திருத்தம் கேட்கும் கடினமான வாக்கியத்தை எழுதவே மாட்டார்.

தகவலில் ஒரு கறார் விதி: எண், தேதி, அளவு எதுவொன்று தவறினாலும் 8-இல் பாதி போச்சு. 1,500-ஐ 15,000 என்று எழுதிய மெயிலில் இலக்கணம் எப்படி இருந்தால் என்ன.

வரிசையில் பார்க்கவேண்டியது: முதல் இரண்டு வாக்கியத்துக்குள் கெட்ட செய்தியும் புதுத் தேதியும் வந்ததா? நம்மவர் மெயிலில் முதல் பத்தி முழுக்க நலம் விசாரிப்பு, இரண்டாவது பத்தியில் சாயப்பட்டறை வரலாறு, "வீ ரிக்ரெட்" மூன்றாவதில்தான் தலைகாட்டும். காரணம் ஒரு வாக்கியம் போதும். வழிகள் இரண்டு அல்லது மூன்று, ஒவ்வொன்றுக்கும் தேதியும் செலவும். கடைசியில் கோரிக்கை.

தொனியில் இரண்டு பக்கமும் சறுக்கல் உண்டு. ஒன்று, மெயிலில் மூன்று தடவை மன்னிப்பு. ஒருமுறை போதும், மூன்றாவது மன்னிப்பைப் படிக்கும் பையர் தள்ளுபடி கேட்கத் தயாராகிவிடுவார். மற்றது, "யூ ஹேவ் டு அமெண்ட் த எல்.சி." என்று ஆணையிடுவது. "டூ த நீட்ஃபுல்" வந்தால் எனக்குக் கோபமில்லை, இந்திய அலுவலகத்தில் எல்லோருக்கும் புரியும். ஆனால் ஹாம்பர்க்காரர் எதைச் செய்வது என்று தேடுவார். அந்த இடத்தில் எந்தப் புலம், எந்தத் தேதி என்று எழுதவேண்டும். "கைண்ட்லி ரிவர்ட்" அதே கதை: எப்போதைக்குள்?


#11 திசைகாட்டி

சொந்தக் கேஸோடு உண்மை நிகழ்வுகளையும் கலக்கலாம் என்று சொல்ல வந்தேன். ஆனால் எதை எடுப்பது என்பதில் கவனம் வேண்டும்.

மேகி 2015, கேட்பரி 2003 இரண்டும் எல்லோரும் எடுப்பவை. மேகியில் ஜூன் 5 தடை உத்தரவு, ஆகஸ்ட் 13 பம்பாய் உயர்நீதிமன்றத் தீர்ப்பு, நவம்பர் 9 மறுவிற்பனை. கேட்பரியில் அக்டோபரில் புழு, கடைக்காரர் வைத்திருந்த விதம்தான் காரணம் என்ற ஆரம்ப விளக்கம், சில மாதத்தில் புது உறை, அமிதாப் பச்சன். சிக்கல் என்னவென்றால் முடிவு கூகுளில் கிடக்கிறது. "அமிதாப்பை வைத்து விளம்பரம்" என்று முதல் நிமிடத்திலேயே பதில் வரும். அதனால் முழுக் கதையையும் கேஸாகக் கொடுக்காமல் ஒரு நாளை மட்டும் எடுங்கள். ஜூன் 5 மாலை, கடைக்காரருக்குப் போகும் ஒரு பக்கச் சுற்றறிக்கை: சரக்கை என்ன செய்வது, பணம் எப்படித் திரும்பும், வாடிக்கையாளர் கேட்டால் என்ன சொல்வது. இது கூகுளில் கிடைக்காது.

இதைவிட நல்லது, ஆவணத்தையே பாடமாக்குவது. இரண்டு சொல்கிறேன்.

சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கு மோசடியை ஒப்புக்கொண்டு 2009 ஜனவரி 7 அன்று இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதம். மனச்சாட்சியின் பாரம் பற்றி ஒரே ஒரு தொடக்க வாக்கியம், உடனே எண்கள். வங்கி இருப்பாகக் கணக்கில் காட்டிய 5,361 கோடியில் 5,040 கோடி இல்லவே இல்லை. 376 கோடி வட்டி இல்லாதது. 1,230 கோடி கடன் கணக்கில் வரவில்லை. வரவேண்டிய பாக்கி 490 கோடி கூட்டிக் காட்டப்பட்டது. விளக்கம், புலிமேல் ஏறியவன் இறங்க வழி தெரியாத அந்தப் பிரபலமான வரி எல்லாம் பிறகுதான். இந்தக் கடிதத்தின் பத்திகளை வெட்டிக் கலைத்துக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். பெரும்பாலோர் புலியை முதலில் வைப்பார்கள். ஏன் எண் முதலில் வந்தது என்று விவாதம் தொடங்கும்.

இரண்டாவது, கொலம்பியா விண்ணோடம். 2003 ஜனவரி 16 ஏவியபோது நுரைத்துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. ஓடம் மேலே இருக்கும்போதே போயிங் பொறியாளர்கள் நாசாவுக்கு ஒரு ஸ்லைடு காட்டினார்கள். தலைப்பைப் படித்தால் சோதனைத் தரவு ஆறுதலாக இருப்பதுபோல் தோன்றும். அடியில், கடைசி உள்வரியில், மோதிய துண்டின் கன அளவு 1,920 கன அங்குலம், சோதனையில் பயன்படுத்தியது 3 கன அங்குலம் என்று இருந்தது. 640 மடங்கு! பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரோடு ஓடம் சிதறியது. தகவலைக் காட்சிப்படுத்துவதில் வல்லுநரான எட்வர்டு டஃப்டி அந்த ஸ்லைடை வரிவரியாகப் பிரித்துக் காட்டினார். விசாரணைக் குழுவின் அறிக்கையிலும் அது இடம்பெற்றது. ஸ்லைடில் "சிக்னிஃபிகண்ட்" என்ற சொல்லும் அதன் வடிவங்களும் ஐந்து இடத்தில் வருகின்றன, ஓர் இடத்திலும் எண்ணாக இல்லை.

மாணவருக்கு வேலை: அதே தகவலை வைத்து ஒரு தலைப்பு, மூன்று வரி. தலைப்பே முடிவைச் சொல்லவேண்டும். 15 நிமிடம் போதும். பிறகு ஒரு நிமிடத்தில் வாயால் சொல்லவேண்டும்.


#12 பழைய பெஞ்ச்

சத்யம் கடிதத்தில் ஒரு எச்சரிக்கை. அது மோசடிக்காரர் தன்னைக் காத்துக்கொள்ளவும் எழுதிய ஆவணம். குடும்பத்தாருக்கும் மற்ற இயக்குநர்களுக்கும் தெரியாது, அறப்பணிக்கு விற்ற சிறு பகுதி தவிரத் தான் எட்டு ஆண்டாகப் பங்கு எதையும் விற்கவில்லை என்றெல்லாம் அதில் வரும். வடிவத்தை மட்டும் பாராட்டிவிட்டு விட்டுவிட்டால் "நேர்மையான கடிதம்" என்ற எண்ணத்தோடு மாணவர் வெளியே போவார். எந்தெந்த வாக்கியம் தகவல், எந்தெந்த வாக்கியம் தற்காப்பு என்று இரண்டு நிறப் பேனாவால் கோடிடச் சொல்லுங்கள். அந்தப் பயிற்சி இல்லாமல் இதை வகுப்புக்குக் கொண்டுபோவதை நான் ஏற்கமாட்டேன்.

கொலம்பியாவை ஏற்கிறேன்.


#13 மூன்றாம் பக்கம்

எல்லாம் சரி, இப்போது பையன்கள் கேஸை அப்படியே சாட்ஜிபிடியில் போட்டு மெயிலை எடுத்துவந்துவிடுகிறார்களே. அதற்கு என்ன வழி?


#14 நிறுத்தற்குறி

@மூன்றாம் பக்கம் வீட்டுப்பாடமாகக் கொடுத்தால் அப்படித்தான் வரும். மேலே சொன்ன முறையில் தகவல் நாலு தாளில், எழுதுவது வகுப்பில், கையால், நடுவில் தேதி வேறு மாறுகிறது. சாட்ஜிபிடி நுழைய இடமே குறைவு.

அதை உள்ளே கொண்டுவரவும் செய்யலாம். முழுக் கேஸையும் கொடுத்து வாங்கிய மெயிலை நீங்களே அச்சடித்துக் கொடுத்து, மூன்று கேள்விச் சோதனைக்கு விடுங்கள். மொழிப்பிழை இருக்காது. ஆனால் பணிவான வாக்கியம் நிறைய இருக்கும், கேட்காத தள்ளுபடியைத் தானாக முன்வந்து கொடுத்துவிட வாய்ப்புண்டு, பையர் வங்கிக்குப் போகவேண்டும் என்பது பூசி மெழுகப்பட்டிருக்கலாம். அதை 90 சொல்லுக்குச் சுருக்கச் சொல்லுங்கள். எதை வெட்டினார், எதை விட்டுவைத்தார் என்பதற்கே மதிப்பெண்.


#15 வெண்பலகை

உள்ளூர் நிறுவனத்தின் உண்மைச் சம்பவத்தை வைத்து எழுத நினைப்பவர்களுக்கு: எழுத்தில் அனுமதி வாங்குங்கள், பெயர், ஊர், பையர் நாடு மூன்றையும் மாற்றுங்கள். எண்களை இஷ்டத்துக்கு மாற்றினால் கணக்கு உடையும். எல்லாத் தொகையையும் ஒரே காரணியால் பெருக்குங்கள், 1.3 என்றால் எல்லாவற்றுக்கும் 1.3, விகிதம் நிற்கும். தேதிகளை முழு வாரங்களாகத் தள்ளுங்கள், கிழமை மாறாது. நிறுவனம் கடைசியில் என்ன செய்தது என்பதைக் கேஸில் எழுதாதீர்கள். அது ஆசிரியர் குறிப்பில் இருக்கட்டும். மாணவர் கேட்பார்கள், இரண்டாம் பீரியட் முடிவில் சொல்லலாம். "சரியான விடை" என்று மட்டும் சொல்லவேண்டாம்.


#16 நூல்கண்டு

திருத்திய கேஸை நாலு தாளாகப் பிரித்துவிட்டேன். சாயப்பட்டறை ஒலிப்பதிவும் தயார், 50 நொடி. அதில் துணி ஒன்பதாம் தேதி சாயந்தரம் வருகிறது, அதன்மேல் 7 நாள் போட்டால் மார்ச் 16. புதுச் செய்தி வந்தபின் 17. பையிங் ஹவுஸ் தாளில் ரகசியம் இருக்கிறது. மெயிலில் கோரிக்கை வரிக்கு மட்டும் ஒரு மாதிரி கிடைத்தால் ஆசிரியர் குறிப்பில் சேர்த்துவிடுவேன்.


#17 கப்பல்காரி

மாதிரியை ஆங்கிலத்தில் கொடுத்தா எல்லாரும் அதையே ஒட்டுவாங்க. என்னென்ன இருக்கணும்னு மட்டும் சொல்றேன்.

எல்.சி. எண். 44சி புதுத் தேதி மார்ச் 22; கப்பல் 20 என்றாலும் இரண்டு நாள் இடம் விடணும். 46ஏ-வில் 1,500 பீஸுக்கு ஏர்வே பில். திருத்தக் கட்டணம் யார் தலையில் என்று ஒரு வரி, அதை விட்டால் பின்னால் சண்டை. திருத்தத்தின் வரைவை நீங்களே இணைப்பில் வைத்து அனுப்பினால் பையர் அப்படியே வங்கிக்குத் தள்ளிடுவார், வேலை அரை நாள் மிச்சம்.

தேதியை 03/04 என்று எழுதவே கூடாது. அங்கே ஏப்ரல் 3, இன்னொருத்தருக்கு மார்ச் 4. மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்லுங்க. லட்சம் என்ற சொல் பையர் மெயிலில் வரக்கூடாது. 2,08,000 என்று நம்ம முறையில் கமா போட்டாலும் அவர் தட்டச்சுப் பிழைன்னு நினைப்பார், 208,000 என்று போடணும். அதுக்கும் மேல டாலரில் சொல்வதுதான் முறை.

பதில் கேட்கும் நேரம்: மார்ச்சில் கடைசி ஞாயிறு வரைக்கும் ஹாம்பர்க் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால், அதுக்கப்புறம் மூன்றரை. திருப்பூரில் காலை 10 மணிக்கு அனுப்பினா அங்கே விடியற்காலை 5.30. "இன்று மாலைக்குள்" என்றால் யாருடைய மாலை? "மார்ச் 5, ஹாம்பர்க் நேரம் மாலை 4 மணிக்குள்" என்று எழுதச் சொல்லுங்க. கேஸில் கிழமையையும் போட்டுடுங்க, 5-ஆம் தேதி சனிக்கிழமை வர்ற ஆண்டா இருந்தா அங்கே வங்கி மூடியிருக்கும்.